ஸ்காட்லாந்தில் என் பேர்

என் மனைவி சபிதா ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போன வாரம், கொட்டாரத்தில் என் வாழைப்பழக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "முப்பத்தொம்பது வயசுல என்ன படிப்பு அனிலே?" நானும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "உமக்கு மட்டியா, செந்துளுவனா? அதைச் சொல்லும்."

சரியான பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் நாற்பது சென்ட் மட்டி வாழைத் தோட்டம் வாடல் நோயில் மொத்தமாகப் போய்விட்டது. இலை மஞ்சளித்து, தண்டு பிளந்து, குலை தள்ளுவதற்கு முன்பே எல்லாம் சாய்ந்தன. நான் மண்ணைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், மருந்து விற்றவனைத் திட்டினேன். சபிதா மட்டும் ஒரு தண்டைக் குறுக்கே வெட்டி, உள்ளே ஓடிய பழுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நாகர்கோவில் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வாழைக்கன்று வளர்க்கிற வேலை. அன்றிலிருந்து படிவம், பரீட்சை, நேர்காணல் என்று ஒன்றரை வருடம் மல்லுக்கட்டி, செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிக்கிற எம்.எஸ்சி.க்கு உதவித்தொகையோடு இடம் வாங்கிவிட்டாள்.

எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை என்றால் அவளுக்குக் காலை எட்டு. அந்த நேரத்தில் தினமும் கூப்பிடுவாள். பிளஸ் டூ படிக்கிற எங்கள் மகள் ஆதிராவுக்கு அரையாண்டுப் பரீட்சைக்கான படிப்பு விடுமுறை. சாப்பாட்டுத் தூக்குவாளியோடு கடைக்கு வந்துவிடுவாள். போனை எடைத்தராசின் மேல் சாய்த்துவைத்து இருவரும் பார்ப்போம். மழை அங்கே மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் பெய்கிறதாம். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாம். பொது அடுக்களையில் சிலி நாட்டுப் பெண் ஒருத்தி இவளுடைய தேங்காய்த் துவையலுக்கு அடிமையாகிவிட்டாளாம். இதெல்லாம் எனக்குச் சந்தோஷம். ஆனால் கடையில் ஒரே ஒரு வகை வாழைப்பழம்தான் கிடைக்கிறது, எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு என்றாள் பாருங்கள், அன்றைக்கு முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

"ஒரு மட்டி கூடவா கிட்டாது?"

"மட்டின்னு ஒண்ணு உண்டுண்ணே இஞ்ச யாருக்கும் தெரியாது."

நவம்பர் மூன்றாம் வாரம், திங்கட்கிழமை. அன்று நான் வைத்த புளிக்கறியை ஆதிரா வாயில் வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். அந்த நேரம் பார்த்து சபிதா கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது.

"இஞ்ச பாருங்க, நான் திரும்பி வந்திருதேன்."

பொய் சொல்ல மாட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "வா" என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆதிரா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னம்மா ஆச்சு?"

ஆனது இதுதான். வருடம் முழுக்க எதை ஆராயப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் பேராசிரியரிடம் பேசி முடிவுசெய்ய வேண்டும். பேசாதவர்களுக்குப் பொதுவாக உருளைக்கிழங்கு நோய். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இவள் இன்னும் பேசவில்லை.

"வாழைக்குத்தானேட்டி போன? போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" என்று நான் சீறினேன்.

"போனேன். மூணு மட்டம் போனேன். வாசல்ல நிண்ணேன்."

"பெறகு?"

"அவரு கூப்பிடல்லை."

பேராசிரியர் டங்கனின் அறைக்கதவு எப்போதும் திறந்தே இருக்குமாம். இவள் வாசலில் கைகட்டி நின்றிருக்கிறாள். நம்மூரில் எந்த ஆபீசிலும் அப்படித்தானே நிற்போம்? உள்ளே இருப்பவர் நிமிர்ந்து 'என்ன?' என்று கேட்பார். அந்த மனுஷனும் நிமிர்ந்து பார்த்தாராம், அழகாகச் சிரித்தாராம், திரும்ப வேலையில் மூழ்கிவிட்டாராம். இவள் வேறு யாருக்கோ காத்து நிற்கிறாள் என்று நினைத்திருப்பார். இப்படி மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம்!

"நீயே 'சார்'னு கூப்பிட வேண்டியதுதானே?"

"மொத நாளே சொல்லிட்டாரு, சார்னு கூப்பிடக் கூடாது, டங்கன்னுதான் கூப்பிடணும்னு. எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான் கூப்பிடுது. அவருக்கு எங்கப்பா வயசு. எப்பிடிப் பேரச் சொல்ல? வாயி தொறந்தா காத்துதான் வருது." மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறாள். 'கதவு திறந்துதான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வா' என்று பதில் வந்ததாம். வாசல் வரைக்கும் போனவளுக்கு அது போதவில்லை.

ஆதிரா தூக்குவாளியை மூடிவைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"அம்மா, நீ அப்பாவைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுப் பழகு."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் சபிதா என் பேரைச் சொன்னதில்லை. படிவத்தில் எழுதச் சொன்னால் முத்துமுத்தாக எழுதுவாள். வாயால் வராது. நான் அவளுக்கு 'இஞ்ச பாருங்க'. அதிலேயே கோபம், கொஞ்சல், அவசரம் எல்லாம் வைத்திருப்பாள். நான் ஒன்றும் பேர் சொல்லக் கூடாது என்று தடை போட்டதில்லை. சொல்லச் சொன்னதும் இல்லை.

"ஏட்டி, நான் என்ன உங்களுக்கு விளையாட்டுப் பொம்மையா? கடையில ஆளு நிக்கும்போ கட்டின பெண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்பிடுவாளா?" என்று குதித்தேன். பக்கத்து டீக்கடை எட்சன் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான்.

"செரி. அப்ப அம்மா உருளைக்கிழங்கு படிச்சிட்டு வரட்டும். நீங்க அதை வச்சு வியாபாரம் பண்ணுங்க" என்றாள் ஆதிரா.

அது எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. அதோடு சற்று முன்பு 'வா' என்று சொல்ல இருந்தவன் நான். அந்த வெட்கமும் இருந்தது. "சொல்லித் தொலையச் சொல்லு" என்றேன்.

திங்கட்கிழமை அவளால் முடியவில்லை. "அ..." என்று தொடங்கி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை "அனி" வரைக்கும் வந்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிலிப் பெண் என்னமோ ஏதோவென்று ஓடிவந்து பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அனில், அனில்" என்று வெகு சுலபமாக என்னைக் கூப்பிட்டாள். எட்சன் கடையில் டீ குடித்தவர்களுக்கு அன்றைக்குப் பெரிய பொழுதுபோக்கு.

புதன்கிழமை வந்துவிட்டது. முழுதாக, தெளிவாக, "அனில்" என்றாள்.

எத்தனையோ பேர் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுகிற பேர்தான். மொத்த வியாபாரி கூப்பிடுவான், பஸ் டிரைவர் கூப்பிடுவான். அவள் வாயில் அது வேறு யாருடைய பேரோ போல இருந்தது.

"அப்பா, பதில் சொல்லுங்க. கூப்பிட்டா பதில் சொல்லணும்" என்று ஆதிரா இடித்தாள்.

"ம்" என்றேன்.

வியாழக்கிழமை அவளுக்குக் காலை பத்து மணி, எங்களுக்கு மாலை மூன்றரை. அந்த நேரத்தில்தான் போகிறேன் என்றிருந்தாள். மூன்று மணியிலிருந்தே எனக்குக் கை ஓடவில்லை. ரசகதலி கேட்டவருக்கு ஏத்தன் கொடுத்தேன். நாலு மணி ஆயிற்று, நாலரை ஆயிற்று. ஆதிரா புத்தகத்தை ஒரே பக்கத்தில் விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். "கால் மணி நேரமா நிண்ணுட்டு திரும்பிப் போயிருப்பா" என்றேன். "வாய வச்சிட்டுச் சும்மா இருங்கப்பா" என்றாள்.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது.

"என்னாச்சு? வாயத் தொறந்தியா?"

"தொறந்தேன். கதவைத் தட்டினேன். அவரு நிமிர்ந்து பாத்துச் சிரிச்சாரு. நாலு நாளா நாக்குல ஒரே பேருதானே கெடந்து உருளுது... சத்தமா 'அனில்'னு கூப்பிட்டுட்டேன்."

ஆதிரா தலையில் கை வைத்துவிட்டாள். எட்சன் கடையில் ஒருவருக்குப் புரையேறியது.

"அவரு பின்னால திரும்பிப் பாத்தாரு, வேற யாரும் இருக்காங்களான்னு. பெறகு 'யாரு அனில்?'னு கேட்டாரு. எனக்க வீட்டுக்காரரு, வாழைப்பழக் கடை வச்சிருக்காருன்னேன். என்ன வாழைன்னு கேட்டாரு. நம்ம கடையில உள்ளது பதினொண்ணையும் சொன்னேன். மனுசன் பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சிட்டாரு. பெறகு நம்ம மட்டித் தோட்டம் போன கதை, அந்தப் பழுப்புக் கோடு, எல்லாம் சொன்னேன். ஒரு மணிக்கூறு! நான்தான் பேசினேன், அவரு கேட்டாரு. கடைசியில உருளைக்கிழங்குப் பட்டியல்ல இருந்து எனக்க பேர வெட்டிட்டாரு. வாழைதான். மட்டி வாழைதான்! எந்திரிக்கும்போ 'தேங்க் யூ டங்கன்'னு தானா வந்திட்டு."

ஆதிரா துள்ளிக் குதித்ததில் தராசு ஆடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஒரு குலையைத் தூக்கி இந்தப் பக்கம் இருந்ததை அந்தப் பக்கம் மாட்டினேன். அங்கே ஒரு மேதாவி என் கடைப் பழங்களின் பேரைத் தன் கைப்பட எழுதிவைத்திருக்கிறார். அதை விடப் பெரிய விஷயம், அவள் இனி 'வந்திருதேன்' என்று சொல்லப் போவதில்லை. இன்னும் பத்து மாதம் என் புளிக்கறிதான். பரவாயில்லை என்று தோன்றியது.

"செரி, வாசல்ல நிண்ணு யாரு பேரச் சொன்னேன்னு சொன்ன?" என்று கேட்டேன். "சிக்னல் இல்ல, செரியா கேக்கல்லை."

"அனில்."

"யாரு?"

"அனில்குமாரு!"

"யாருன்ன? இஞ்ச பஸ்ஸு சத்தம்."

எட்சனுக்குப் பொறுக்கவில்லை. கடையிலிருந்து எட்டி, போனுக்குக் கேட்கும்படி கத்தினான். "எக்கா, ஏமாறாதீங்க! பஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல. அண்ணனுக்கு மொத தடவையே நல்லாக் கேட்டாச்சு!"

"தெரியும் தம்பி," என்றாள் சபிதா. "தெரிஞ்சுதான் சொல்லிட்டு இருக்கேன்."