வயிற்றுக்குள் ஒரு கேமரா

காலை ஏழரை மணிக்கு, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் பூமாலை ஒரு கேமராவை விழுங்கினார். மாத்திரை வடிவில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் காய் அளவு இருந்த அது, தொண்டையில் இறங்கும்வரை மின்னிக்கொண்டே போனது. நர்ஸ் அமலா அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, படங்களைப் பதியும் பெட்டியை அதில் மாட்டினாள்.

"ரெண்டு மணி நேரம் தண்ணி கூடாது. நாலு மணி நேரம் சாப்பாடு கூடாது. சாயந்தரம் பொட்டிய எடுத்துக்கினு வந்துடுங்க."

"உள்ள போனது?"

"அது தானா வெளிய வந்துரும். தேட வேணாம்."

மூன்று வருட வயிற்றுவலி. முதலில் அல்சர் என்றார்கள். பிறகு குடலில் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். மேலிருந்து விட்ட குழாயும் கீழிருந்து விட்ட குழாயும் எட்டாத சிறுகுடலில்தான் ஏதோ இருக்கிறது, குடலில் புண்ணும் வீக்கமும் வரும் க்ரோன்ஸ் நோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். ஸ்கேனில் பெரிய அடைப்பு தெரியவில்லை. ஆனாலும் குடல் எங்காவது சுருங்கியிருந்தால் கேமரா சிக்கலாம், சிக்கினால் ஆபரேஷன் செய்து எடுக்க நேரலாம் என்று கையெழுத்து வாங்கியிருந்தார். அந்தக் கையெழுத்துதான் பூமாலையை உறுத்தியது.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி சின்னபொண்ணு வீடு இருக்கும் கூட்டேரிப்பட்டில் இறங்கினாள். "கமிட்டிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்" என்று அவர் எழுந்திருக்கவே இல்லை. மல்லாட்டை சீசன். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டைகளைச் சோதித்து, காயில் ஈரம் எவ்வளவு என்று வியாபாரிக்குச் சொல்வது இருபது வருடமாக அவர் வேலை.

"இன்னாய்யா பூமாலை, இடுப்புல செல்போன் டவர் கட்டிக்கினு வந்துட்ட?" என்றார் மூட்டை கொண்டுவந்திருந்த கிளியனூர் பாண்டுரங்கன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பூமாலையும் சிரித்துக்கொண்டே அவர் மூட்டையில் கைவிட்டு, ஒரு காயை உடைத்து, பருப்பை மென்று, "ஈரம் இருக்குது, இன்னும் ஒரு நாள் காயணும்" என்றார். விழுங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. மணி பத்து.

வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னதும் சின்னபொண்ணு கத்தினாள். "யோவ், வாய்க்கும் பூட்டு போட்டுத்தான் உன்ன அனுப்பணுமா? நேத்துலேர்ந்து கெடந்த பட்டினி பாழாப் போச்சே!"

அமலாவை அழைத்தார்.

"எத்தினி பருப்பு தின்னீங்க?"

"இந்த மூட்டையில ரெண்டு. அதுக்கு முன்னால நாலு மூட்டை பாத்தேம்மா."

மறுமுனையில் அடக்கமுடியாத சிரிப்பு. "டாக்டர்கிட்ட சொல்றேன். இனிமே மூட்டை பக்கமே போவாதீங்க."

மறுநாள் டாக்டர், பெட்டியில் பதிந்த படங்கள் ஓடும் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "நீங்க மல்லாட்டைய வாயில போடறதுக்குள்ள கேமரா இரைப்பையத் தாண்டிடுச்சு. உங்க பருப்பு பின்னாடியே துரத்தியிருக்கு, புடிக்க முடியல."

இளஞ்சிவப்புச் சுவர்கள் நகர்ந்தன. பிறகு அங்கங்கே நடுவில் வெள்ளை படிந்த புண்கள். "மத்த ரிப்போர்ட்டோட சேத்துப் பாத்தா க்ரோன்ஸ்தான். இனிமே சரியான மருந்து குடுக்கலாம்."

பூமாலை தலையாட்டினார். கண் திரையைவிட்டு விலகவில்லை. வீங்கிய சுவர்கள் நெருங்கி, நடுவில் சின்னத் துவாரம் மட்டும் தெரிந்தது. மூலையில் முந்தின நாள் நேரம் ஓடியது: பன்னிரண்டு நாற்பது, பன்னிரண்டு ஐம்பது, ஒன்று. படம் மாறவில்லை.

"சிக்கிக்கினுதா?" என்றார்.

டாக்டர் பதில் சொல்வதற்குள் சின்னபொண்ணு திரைக்கு அருகே குனிந்திருந்தாள். "போ. போ. போயிடு, கண்ணு."

ஒன்று ஏழுக்குச் சுவர் ஒருமுறை இறுகியது. தளர்ந்தது. திரை முழுக்க இருண்டு, மறு நொடி மஞ்சள் வெளிச்சத்தில் அகலமான ஒரு குகையாகப் பெருங்குடல் விரிந்தது.