இருபத்துநான்காம் கிளை

பிரியாணி ஓட்டல்காரர்கள் எந்த ஊரில் கிளை திறந்தாலும், வாசலில் பதிக்கக் கிளை எண் போட்ட பீங்கான் தகடு லீமாவின் பட்டறையிலிருந்துதான் போகும். ஒரே ஆண்டில் ஒன்பதாம் எண் இருபத்துமூன்றாகிவிட்டது. அதை நம்பித்தான் அவள் கணவன் கிளமெண்ட் கொல்லையில் இரண்டாவது சூளை கட்டிக்கொண்டிருந்தான். லீமாவுக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

இருபத்துநான்காம் தகடு வாங்க வந்த மேனேஜர், "திட்டக்குடிக்குங்க" என்றார்.

லீமா தகட்டைச் சுற்றுவதை நிறுத்தினாள். பதினோராம் தகடும் அதே ஊருக்குத்தானே போனது?

"அங்க ஏற்கெனவே ஒண்ணு இருக்குதுங்களே?"

"அத மூடியாச்சுங்க. மூடுன கடை நம்பர மறுபடியும் போட மாட்டோம், ராசியில்ல."

"அப்ப, இன்னிக்கு எத்தினி கடை ஓடுதுங்க?"

மேனேஜர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாவது கைக்குப் போகவேயில்லை.

கொல்லையில் கிளமெண்ட் செங்கல் தட்டும் சத்தம் நிற்கவில்லை.