சிவப்பு வண்டிக்குக் கிரேஸ் மார்க்

பிரசாத்திடம் இரண்டு ஸ்போர்ட்ஸ் பைக்குகள் இருந்தன. ஒன்று அவனுடையது, மற்றது கனடாவுக்குப் போன அவன் அண்ணன் விட்டுச்சென்றது. செகந்திராபாத்தில் நாங்கள் சேர்ந்து படிக்கும் மாலை நேரக் கணினி வகுப்பில், ஒன்றை விற்கப்போவதாகச் சொன்னான்.

"எதை விக்கிறதுன்னு எனக்கே தெரியல, பெர்லின். ரெண்டும் ஒரே விலைதான். நீ ஒண்ணை எடு, மிச்சத்தை நான் வெச்சுக்கறேன். சனிக்கிழமை சொல்லிடு."

அவன் என்னிடம் கேட்டதில் ஆச்சரியமில்லை. வகுப்புக்குச் சமோசா வாங்கவே மூன்று கடைகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டவள் நான். வாங்கிய பிறகும், நாலாவது கடையைப் பார்த்திருக்கலாமோ என்று தோன்றியது வேறு விஷயம். இது சமோசா இல்லை. இரண்டு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கப்போகும் முதல் வண்டி. தவறாக எடுத்துவிட்டால் அடுத்தது எப்போது என்று எனக்குத் தெரியாது.

இரண்டுக்கும் ஒரே எஞ்சின். கறுப்பில் எஞ்சின் வெளியே தெரியும், ஹேண்டில்பார் உயரம், நிமிர்ந்து உட்காரலாம். சிவப்பில் இரண்டு பக்கமும் ஃபேரிங் என்கிற பிளாஸ்டிக் உறை. ஹேண்டில்பார் தாழ்வு, குனிந்துதான் ஓட்ட வேண்டும்.

ஒரு சர்வீஸ் சென்டரிலும் இரண்டு மெக்கானிக் கடைகளிலும் விசாரித்தேன். ஆயில், செயின், பிரேக் எல்லாம் ஏறக்குறைய ஒரே செலவு. ஆனால் சிவப்பில் பல வேலைகளுக்கு முதலில் ஃபேரிங்கைக் கழற்றியாக வேண்டும். அதற்குத் தனிக் கூலி. வண்டி கீழே விழுந்தால் உறையையே மாற்ற வேண்டியிருக்கும். வருடத்துக்குக் கறுப்புக்கு ஏழாயிரம், சிவப்புக்குப் பதினோராயிரம் என்று கணக்கு வந்தது. கையாள்வதிலும் நெரிசல், பள்ளம், மணிக்கட்டு வலி மூன்றிலும் கறுப்பே மேல். நல்ல சாலையில் வளைவு எடுப்பதில் மட்டும் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு அட்டவணை எழுதியதில், கறுப்பு பதின்மூன்று மதிப்பெண் முன்னால் இருந்தது.

வெள்ளிக்கிழமை, அட்டவணையில் ஏதோ விட்டுப்போனதுபோல் இருந்தது. 'மழையில் தூரத்திலிருந்து தெரிவது' என்று ஒரு வரி சேர்த்தேன். அதன் பிறகு ஹாரன். அதன் பிறகு, நிறுத்தி வைத்திருக்கும்போது தோற்றம். சாயங்காலத்துக்குள் சிவப்பு ஒரு மதிப்பெண் முந்திவிட்டது. எல்லாவற்றையும் முறைப்படி செய்த திருப்தி எனக்கு.

தம்பி ஜாய்சன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"ஹாரனுக்குப் பத்து மார்க்காக்கா? பிரேக்குக்கே எட்டுதானே போட்டிருக்கே?"

"இந்த ஊர் டிராஃபிக்ல ஹாரன் முக்கியம்டா."

"ரெண்டுலயும் ஒரே ஹாரன்தான். கிரேஸ் மார்க் போட்டு சிவப்பை பாஸ் பண்ணி விட்டிருக்கே, ஹவ்?" 'ஆமாதானே' என்பதை இந்த ஊர் இந்தியில் இழுத்தான்.

காது சுட்டது. மூன்று வரிகளையும் அழித்தேன். மறுபடி கறுப்பு.

சனிக்கிழமை பிரசாத் சிவப்பிலும், உதவிக்குப் போன ஜாய்சன் கறுப்பிலும் சைனிக்புரியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"கறுப்பை எடு, பெர்லின். நெரிசல்ல பஞ்சு மாதிரி போகும். மைலேஜ் பாரு, சீட்டு பாரு," என்று, வகுப்பில் வாரம் முழுக்கச் சொன்னதையே சொன்னான் பிரசாத். சொன்னபோது அவன் கை சிவப்பின் டேங்கைத் தடவிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு குறுகலானது. அதில் வண்டியைத் திருப்பிப் பார்ப்பதே கடைசிச் சோதனை என்று வைத்திருந்தேன். கறுப்பு ஒரே வீச்சில் திரும்பியது. கேட்டருகே நின்ற அம்மா கைதட்டினாள்.

சிவப்பின் ஹேண்டில் அவ்வளவு தூரம் மடங்கவில்லை. எதிர்வீட்டுத் திண்டுவரை போய், காலால் பின்னால் தள்ளி, மறுபடி முன்னால் போனேன்.

"ஒண்ணு... ரெண்டு..." அம்மா எண்ணினாள். "ஏட்டி, வண்டியத் திருப்புதியா, தெருவ அளக்குதியா?"

ஹெல்மெட்டுக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. திருப்புவதை விட்டுவிட்டு நேராகப் போனேன். தெருமுனையில் இடதுபுறம், பூங்காவை ஒட்டி மறுபடி இடதுபுறம். அந்த வளைவில் நான் சாய, வண்டியும் கூடவே சாய்ந்தது. நாலு தெருவைச் சுற்றி வந்து, வீட்டு வாசலில் சரியான திசையில் நின்றேன்.

"இதை எடுத்துக்கறேன்."

பிரசாத்தின் முகம் விழுந்தது. "டேபிள்ல கறுப்புதானே வந்துச்சு? ஜாய்சன் சொன்னானே!"

"கறுப்புதான். பதிமூணு மார்க் வித்தியாசம். இதுக்கு வருஷம் நாலாயிரம் கூட ஆகும், மணிக்கட்டு வலிக்கும். தினமும் நாலு தெரு சுத்தித்தான் வீட்டுக்கு வரணும், அந்தப் பெட்ரோல் வேற."

"அப்புறம் கைக்கு லேனா?" எதுக்கு வாங்கணும் என்று கேட்க இந்திக்கே தாவிவிட்டான்.

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

சொன்னதும், காரணம் ஏதாவது கேட்பார்களோ என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

"ஒரு வாரமா கறுப்பைப் புகழ்ந்து புகழ்ந்து வாய் வலிக்குது," என்றான் பிரசாத். ஜாய்சன் விழுந்து விழுந்து சிரித்தான். "சரி, எடுத்துக்கோ. மாசத்துக்கு ஒரு தடவை ஓட்டத் தருவியா?"

"சர்வீஸுக்கு நீயே கொண்டுபோய் விட்டு, நீயே எடுத்துட்டு..."

"ஹவ்!" நான் முடிப்பதற்குள் சம்மதம் சொல்லிவிட்டான்.

சாவியைக் கொடுத்துவிட்டுக் கறுப்பில் ஏறினான். எங்கள் தெருவில் ஒரே வீச்சில் அழகாகத் திருப்பினான். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு, சிவப்பை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டான்.