தொகியின் முத்துக்குள் என்ன

என் மனைவி மிசாவோ இறந்தபின் இது இரண்டாவது குளிர்காலம். முத்துக்குத் துளை போடுவது அவள் வேலை, துளைத்ததை நூலில் கோப்பது என் வேலை. ஆகோ விரிகுடாவைப் பார்த்த ஜன்னலடியில் அவள் இயந்திரமும் என் மேசையும் ஒட்டியே கிடந்தன.

அவள் இருந்த காலத்தில் ஒரு மதியம் என் அக்கா தொகி ஈரத் தலையோடு வந்தாள். கடலில் மூழ்கி நத்தை எடுப்பவள். உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில், சற்றே நீண்ட முத்து.

"இதுல ஓட்டை போடு மிசாவோ. உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்."

பாறையிடுக்கில் எடுத்த சிப்பியில் இருந்ததாம். மூழ்கும் பெண்கள் குளிர்காயும் குடிசையில், கூட மூழ்கும் கியோனோ சிரித்துவிட்டாள்: பண்ணைக் கூண்டிலிருந்து தவறி விழுந்த சிப்பி அது, தொகி கதை விடுகிறாள் என்று. பண்ணைக்காரர்கள் சிப்பிக்குள் மணி வைத்துத்தான் முத்து வளர்ப்பார்கள். மணி இருந்துவிட்டால் அந்தக் குடிசையில் தொகி பொய்க்காரி.

"துளைச்சா விலை குறைஞ்சிடும் அண்ணி. எக்ஸ்ரே எடுத்தாலே தெரியும்," என்றாள் மிசாவோ.

"எக்ஸ்ரே படத்தையும் நானே பொய்யாப் பண்ணிட்டேன்னு சொல்லுவா கியோனோ. நீ போடு."

மிசாவோ முத்தை உருட்டி உருட்டித் தழும்பைத் தேடினாள். துளை அங்கே விழுந்தால் தழும்பும் சேர்ந்து போய்விடும். ஒரு முனையில் கடுகளவு குழி இருந்தது. அங்கே ஊசியை வைத்தாள். பாதிவரை ஒரு பக்கம், மீதி மறுபக்கம், நடுவில் இரண்டும் சந்திக்க வேண்டும்.

மேல்பூச்சு முடிந்து மணி தொடங்கும் இடத்தில் ஊசியின் சத்தம் மாறும். பக்கத்து மேசையில் இருந்தே எனக்கும் அது தெரியும். காத்திருந்தோம். மாறவில்லை. ஊசி சூடாகாமல் இருக்க விடும் தண்ணீர் முத்துத் தூளோடு பால்போல வழிந்துகொண்டே இருந்தது.

"என்னடா தம்பி, ஏன் ரெண்டு பேரும் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"சும்மா இரு அக்கா."

நடுவை நெருங்கியதும் வழிந்த தண்ணீர் கறுத்தது. கூடவே ஒரு வாடை. மிசாவோ இயந்திரத்தை நிறுத்தி முத்தை மூக்கருகே கொண்டுபோனாள்.

"மணி இல்ல அண்ணி."

தொகி கை தட்டினாள்.

"இருங்க. பண்ணைச் சிப்பியிலயும் எப்பவாவது மணி இல்லாம முத்து விளையும். அதனால கடல்ல தானா விளைஞ்ச முத்துன்னு நான் சொல்ல முடியாது."

"அப்ப எதுக்குடி ஓட்டை போட்டே?"

"நீங்கதானே உள்ள என்னன்னு கேட்டீங்க!"

மீதித் துளையையும் போட்டுக் கொடுத்தாள். தொகி முணுமுணுத்தபடி போனாள். அன்று முழுக்க மிசாவோ விரலை முகர்ந்துகொண்டே இருந்தாள். பாசியா, அழுகிய புழுவா, சிப்பியின் சதையா என்று என்னையும் முகரச் சொன்னாள். எனக்குப் பழைய கயிற்று வாடையாகப் பட்டது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் தொகி வந்தாள். குடிசையில் எதையும் மறைக்கவில்லையாம். மணி இல்லை, பண்ணை முத்தாகவும் இருக்கலாம், உள்ளே நாறுகிறது என்று மூன்றையும் சொல்லியிருக்கிறாள்.

"கியோனோ என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"'நீ பொய் சொல்றதா இருந்தா இதைவிட நல்லாச் சொல்லியிருப்பே'ன்னா. அப்புறம் முத்தைப் பிடுங்கி மோந்தா. அவகிட்டேருந்து அடுத்தவ, அடுத்தவ. நெருப்பைச் சுத்தி எல்லார் மூக்குக்கும் போயிட்டு வந்துச்சு."

மிசாவோ இயந்திரத்தை நிறுத்தித் திரும்பினாள்.

"என்ன வாடைன்னு யாராவது கண்டுபிடிச்சாங்களா, அண்ணி?"