ஃபோர்மன் என்ற வரிக்குக் கீழே

வேலை போய் ஐந்து மாதம் ஆகியும் என் புருஷன் ட்ரெவர் ஃபோர்மனாகவே இருந்தான். எங்கள் ஊர் ஹார்ட்டில்பூலில் இருந்த பாட்டில் தொழிற்சாலையை மார்ச்சில் இழுத்து மூடிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் அங்கே குப்பை கொட்டி, ஆட்களை மேய்க்கும் ஃபோர்மன் ஆனவன். பப்பில் பீர் குடிக்கும்போது ஃபோர்மன் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன. கார் இன்சூரன்ஸ் தாளிலும் அப்படியே இருக்கட்டும் என்றான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதுப்பிக்கும் கடிதம் ஆகஸ்டில் வந்தது. விவரங்கள் சரியாக இருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், தானாகவே புதுப்பித்துவிடுவோம் என்று போட்டிருந்தது. எதுவும் செய்யாமல் இருப்பதில் ட்ரெவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடிதத்தை ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டான். நான் அதை உருவி, 'தொழில்: ஃபோர்மன்' என்ற வரியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அவன் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தேன்.

கார் போனால் என் பிழைப்பும் போய்விடும். நடமாட முடியாத ஏழு பேரை அவரவர் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறவள் நான். எங்கள் ஏஜென்சியில் கார் இல்லாதவளுக்கு வேலை இல்லை. இங்கே தொழிலையும் பார்த்துத்தான் இன்சூரன்ஸ் பணம் போடுவார்கள். நாளைக்கு எங்காவது இடித்து வைத்து, கம்பெனிக்காரன் இவனுடைய சம்பளச் சீட்டைக் கேட்டால் என்ன காட்டுவது? பாலிசியை ரத்து செய்துவிடுவான். அப்புறம் வேறு எவனும் எங்களைச் சேர்க்க மாட்டான். ஒரு வாரம் படித்துப் படித்துச் சொன்னேன். பாலிசி அவன் பேரில் இருக்கிறது. நானே போன் செய்து பார்த்தபோது, அவர் வாயால் சொன்னால்தான் மாற்றுவோம் என்று வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை நானே எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை அவன் முன்னால் வைத்தேன். இருபது நிமிஷம் வெறும் பாட்டு ஓடியது. அந்த இருபது நிமிஷமும் சண்டைதான். ஓய்வு பெற்றவர் என்று சொல்கிறேன் என்றான். ஐம்பத்தாறு வயதில் உனக்குப் பென்ஷன் எங்கே இருக்கிறது என்றேன். வீட்டைக் கவனிப்பவர் என்று ஒரு வகை இருக்கிறதாம், அதற்குப் பணம் ஏறாதாம். பப்பில் எவனோ சொன்னானாம்.

"அஞ்சு மாசத்துல ஒரு கோப்பையக் கழுவியிருக்கியா நீ? ஃபோர்மன்னு சொல்றதாவது ஒரு காலத்துல நெசமா இருந்துச்சு."

"உனக்கு என்னை அசிங்கப்படுத்தணும், அவ்வளவுதான். கார் ஒரு சாக்கு."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

பாட்டு நின்று, கேலம் என்ற ஒரு பையனின் குரல் வந்தது. பேசுவது பதிவாகிறது என்றான். பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டுவிட்டு, தொழிலில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டான். ட்ரெவர் என்னைப் பார்த்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"வேலை இல்ல," என்றான்.

"சரியா கேக்கல சார்."

"வேலை இல்லப்பா. மார்ச்சுலேருந்து இல்ல. எழுதிக்கோ."

பொய் சொல்வானேன், என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வருஷத்துக்கு முப்பத்தொரு பவுண்டு கூடும் என்றான் கேலம். இதற்குத்தானா ஒரு வாரம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

"கூட ஓட்டுறவங்க உங்க மனைவி லொரைன். காரை ஒரே ஒரு வேலை இடத்துக்குப் போய்வர மட்டும்தான் எடுக்கறாங்க. சரிதானே சார்?"

கடிதத்தை இழுத்துப் பார்த்தேன். என் சிவப்பு வட்டத்துக்கு நேர் கீழே அந்த வரி இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நானே நிரப்பியது. வெள்ளிக்கிழமைதோறும் கையெழுத்துப் போட ஏஜென்சி ஆபீசுக்குப் போகிறேனே, அதை நினைத்து ஒன்று என்று போட்டிருந்தேன். வீடு வீடாகப் போவதும் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் ஆறு வருஷமாக இன்சூரன்ஸ் இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறேன்.

ட்ரெவரிடம் ஒரு விரலை நீட்டிக் காட்டினேன். ஒண்ணு, ஒண்ணு என்று சத்தமில்லாமல் வாயசைத்தேன். ஆமாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெட்கத்தை விட்டுக் கையெடுத்துக் கும்பிடக்கூடத் தயாராக இருந்தேன்.

அவன் என் விரலையே நிதானமாகப் பார்த்தான். பிறகு போனை என் பக்கம் தள்ளினான்.

"அது அவ விஷயம் தம்பி. இங்கதான் நிக்கிறா. அவ வாயாலயே கேட்டுக்கங்க."

"மேடம்?"

"ஏழு வீடு," என்றேன்.

கேலம் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. மேலதிகாரியைக் கேட்க வேண்டும், அதுவரை வேலைக்குக் காரை எடுக்காதீர்கள் மேடம் என்றான். மறுபடியும் பாட்டு ஆரம்பித்தது. பத்து மணிக்கு என் முதல் வீட்டில், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு கிழவர் காலை உணவுக்குக் காத்திருப்பார்.

"உன் தொழிலுக்கு என்னன்னு போடச் சொல்லட்டும்?" என்று கேட்டான் ட்ரெவர்.

அவன் எழுந்து போய்த் தன் கோப்பையைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தான். பக்கத்தில் இருந்த என் கோப்பையை அவன் தொடவில்லை.