காக்கைக்கு வைத்த சோறும் ஒரு கரடியும்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு, பார்சிப்பனியில் டாக்டர் ஜம்புநாதன் வீட்டு பேஸ்மென்ட்டில் கூடியவர்கள் ஐந்து பேர். தமிழ்ச் சங்கத் தலைவர் ஜம்புநாதன் சாய்வு சோபாவில், கால்களை நீட்டிக்கொண்டு. பொருளாளர் சாந்தகுமார் நீள சோபாவின் ஓரத்தில், ஏர்கண்டிஷனர் காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடமாகப் பார்த்து. டாக்டரின் மனைவி விசாலாக்ஷி மாடிப்படியின் மூன்றாவது படியில். அவள் கமிட்டியில் இல்லை, ஆனால் அவள் இல்லாமல் எந்தக் கூட்டமும் நடந்ததில்லை. செயலாளர் வாஞ்சிநாதன் சீட்டாடுகிற மடக்கு மேஜையின் முன், நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. அவருடைய பெண் ஷ்யாமளா, பதினோரு வயது, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் கார்பெட்டில். இவ்வளவையும் வாஞ்சிநாதன் எழுதி முடிக்கிற வரைக்கும் தலைவர் பேசக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"எழுதிக்கோங்கோ," என்றார் ஜம்புநாதன். "கரடி தானா வந்துது. நம்ம சைட்டுல சாப்பாடு எதுவும் வெளியில இல்லை. காரணமே இல்லாம அட்டாக் பண்ணித்து. அவ்வளவுதான் லெட்டர்."

வாஞ்சிநாதன் பேனாவை மூடினார்.

"மூணு தடவை சாப்பாடு வெச்சோமே, சார்."

நடந்தது இதுதான். எண்பத்தெட்டாம் வருஷத்து ஆகஸ்ட் வெயில் நியூ ஜெர்சியை வறுத்துக்கொண்டிருந்தது. வடமேற்கு மலைப்பக்கம் போனால் கொஞ்சம் காற்றாவது கிடைக்கும் என்று சங்கத்தில் ஆறு குடும்பங்கள் மூன்று நாள் கூடாரம் போடக் கிளம்பின. காற்றும் இல்லை, ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை. ஜம்புநாதன் ஏரிக்கரையில் தர்ப்பணம் பண்ணினார். விசாலாக்ஷி கேம்ப் அடுப்பில் சாதம் வடித்து, பருப்பும் நெய்யும் விட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த வடையும் சேர்த்து ஒரு காகிதத் தட்டில் வைத்தாள். டாக்டர் அதை வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றின் மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். பைன் மரத்தில் நாலு காக்கைகள் இருந்தன. அவை பார்த்தன, இறங்கவில்லை. இரண்டு மணி வரை பட்டினி கிடந்துவிட்டு, தட்டை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

உணவு எல்லாவற்றையும் காருக்குள் பூட்ட வேண்டும், கரடி நடமாட்டம் உண்டு என்று முகாமில் ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். வாஞ்சிநாதன் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருந்தார். சொன்னார்.

"அது மிச்சம் மீதிக்குப் போட்ட ரூல், ஓய். இது பித்ருக்களுக்கு," என்றார் டாக்டர்.

சாயங்காலம் தட்டு கழுவி வைத்ததுபோல் இருந்தது. "பாத்தேளா, எடுத்துண்டாச்சு," என்று டாக்டருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் இருட்டுவதற்குள் இன்னொரு தட்டு. மறுநாள் காலையில் மூன்றாவது, வடை கூடுதலாக.

சனிக்கிழமை மத்தியானம், தட்டைக் காலி செய்தவர் நேரிலேயே வந்தார். கன்னங்கரேலென்று ஒரு கரடி. கட்டையை மோந்து பார்த்தது, சாப்பாட்டு மேஜைமேல் ஏறியது, ஐஸ் பெட்டியை உடைத்தது, டாக்டர் வீட்டுக் கூடாரத்தைக் கிழித்தது. ஒருவர்மேலும் நகம் படவில்லை. ஷ்யாமளாதான் அதற்கு மிகப் பக்கத்தில் நின்றவள். இடது காது பாதி இல்லை என்று கவனித்தவளும் அவள்தான்.

முகாம்காரர் துப்பாக்கியோடு இரண்டு சிநேகிதர்களையும் மூன்று நாய்களையும் வரவழைத்தார். ஞாயிற்றுக்கிழமை வனவிலங்கு அதிகாரி ஒருவரும் வந்து சேர்ந்தார். இதே கரடிதானா என்று அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்றதால் வாஞ்சிநாதனும் ஷ்யாமளாவும் கூடப் போனார்கள். அனல். நாய்களின் நாக்கு தரையைத் தொடாத குறை. ஷ்யாமளா அப்பாவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஒரு மணி நேரம் கழித்து நாய்கள் குரைத்த இடத்தில் ஒரு சதுப்புக் குட்டை. அதில் கழுத்தளவு தண்ணீரில், நம் ஊர் எருமை மாதிரி, அது கிடந்தது. அரைக் காது. நாய்கள் குரைப்பதைக்கூட லட்சியம் பண்ணவில்லை. எழுந்திருக்க அதற்கும் முடியவில்லை, அவ்வளவு வெயில்.

ஒருவன் துப்பாக்கியைத் தூக்கினான். அதிகாரி குழாயின்மேல் கையை வைத்துத் தாழ்த்தினார். இந்த மாநிலத்தில் கரடி வேட்டை மூடிப் பல வருஷம் ஆகிறது என்றார். காரணமில்லாமல் மனிதர்மேல் வருகிற கரடி என்று, பார்த்த சாட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை சுட அனுமதி தருவேன். யாராவது தீனி வைத்துப் பழக்கியிருந்தால் கூண்டு வைத்துப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விடுவேன். எதுவானாலும் கடிதம் வியாழனுக்குள் வர வேண்டும்.

திரும்பி வரும்போது ஷ்யாமளா கேட்டாள்: "அப்பா, ஹி ஒன்லி ஏட் வாட் வீ கேவ் ஹிம். ரைட்?"

"ரைட்," என்றார் வாஞ்சிநாதன்.

இப்போது அந்தக் கடிதத்துக்காகத்தான் கமிட்டி.

"உண்மையை எழுதினா என்ன ஆகும் தெரியுமோ?" ஜம்புநாதன் சாய்வு சோபாவை நிமிர்த்தினார். "இண்டியன்ஸ் பூஜை பண்ணிக் கரடியை வரவழைச்சான்னு பேப்பர்ல வரும். போன வருஷம் ஜெர்சி சிட்டில பொட்டு வெச்சுண்டவாளைத் தேடித் தேடி அடிச்சா. மறந்துடுத்தா உமக்கு? ஒரு கரடிக்காக நம்ம குழந்தைகளைப் பாத்து ஸ்கூல்ல எல்லாரும் சிரிக்கணுமா?"

அந்தப் பயம் வாஞ்சிநாதனுக்கும் உண்டு. கடைக்குப் போகும்போது மனைவி பொட்டை அழித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டுபோய் ஒரு வாயில்லாத ஜீவன் தலையில் இறக்குகிறாரே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வெள்ளிக்கிழமை பித்ருன்னு சொல்லி நெய் விட்டுச் சாதம் போட்டேள். வர வெள்ளிக்கிழமை ரவுடின்னு சொல்லிச் சுடச் சொல்றேள். இதுக்குப் பேர் என்ன சார்?"

"ஓய், நான் கரடியைக் கூப்பிடலை. காக்காயைக் கூப்பிட்டேன்."

"அப்போ காக்கா மேலதான் கேஸ் போடணும் டாக்டர்," என்றார் சாந்தகுமார். யாரும் சிரிக்காததால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யூ ஃபெட் ஹிம், அங்கிள்," என்றாள் ஷ்யாமளா.

"குழந்தை சும்மா இருக்கட்டும். ஓட்டுக்கு விடறேன்." ஜம்புநாதன் கையைத் தூக்கினார். சாந்தகுமார் கை காதுவரை வந்து நின்றது.

"அதென்ன, பாதிக் கை?"

"எனக்குப் பாதி மனசுதான் டாக்டர். அடுத்த வருஷமும் நம்ம சங்கம் ஒண்ணா இருக்கணும்லா?" கை மேலே போனது.

வாஞ்சிநாதன் தீர்மானத்தை வார்த்தை மாறாமல் எழுதினார். பிறகு நோட்டைத் தலைவர் பக்கம் தள்ளினார். "கமிட்டி சொன்னதை எழுதியாச்சு. கையெழுத்து நீங்களே போட்டுக்கோங்கோ. கரடியை அடையாளம் காட்டினது நானும் என் பொண்ணும். அந்த ஆபீசர் கேட்டது என் கையெழுத்து. அது பொய்க்கு விழாது."

"அப்படின்னா நீர் செக்ரட்டரியா இருக்க வேண்டாம்."

வாஞ்சிநாதன் நோட்டைத் திரும்ப இழுத்து, தீர்மானம் இரண்டு என்று போட்டு அதையும் எழுதிவிட்டுத்தான் எழுந்தார்.

சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அவருக்கு ஒரு வழக்கம். கோபம் வந்தால் நம்பர் போட்டு எழுதுவார். இல்லாவிட்டால் எழுத்து கெட்டுவிடும். மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கார்பன் பேப்பர் வைத்து உட்கார்ந்தார். ஒன்று, தேதி, இடம். இரண்டு, விதிகள் அடங்கிய காகிதம் எங்களிடம் தரப்பட்டது. மூன்றாவதில் "டாக்டர் ஜம்புநாதன்" என்று எழுதி நிறுத்தினார். எத்தனை வடை என்று தெரியவில்லை. எண்ணிக்கை தெரியாமல் எழுதுவது அவரால் ஆகாது.

டெலிபோன் அடித்தது. விசாலாக்ஷி.

"இவர் ஆஸ்பத்திரிக்குப் போயாச்சு. நீங்க எழுதறேள்னு தெரியும். மொத்தம் பதினோரு வடை. மூணு, மூணு, அஞ்சு. சாதம் ஒவ்வொரு தடவையும் ரெண்டு கரண்டி. வெச்சவா பேர் கேட்டா என் பேரைப் போட்டுக்கோங்கோ. சமைச்சவ நான்."

"மாமி, டாக்டர்..."

"அவர் கத்துவார். நாலு நாள் கத்துவார். அதை நான் பாத்துக்கறேன்."

வாஞ்சிநாதன் ரிசீவரை வைத்துவிட்டு டாக்டர் பெயரை அடித்தார். விசாலாக்ஷி பெயரையும் எழுதவில்லை. "நாங்கள்" என்று போட்டார்.

"ஒய் நாட் புட் அங்கிள்ஸ் நேம்?" ஷ்யாமளாவுக்கு முகமெல்லாம் கோபம். "இட்ஸ் ஹிஸ் ஃபால்ட்."

"ரூலைப் படிச்சவன் நான். ஒரு தடவை சொல்லிட்டு, மூணு தட்டையும் பாத்துண்டு சும்மா இருந்தவனும் நான். நாங்கள்தான் சரி."

மேலே எழுதினார். மூன்று, நாங்கள் அந்த விதிகளை மீறினோம். நான்கு, மூன்று முறை உணவு வைத்தோம், அளவு கீழே. ஐந்து, கரடி எங்களில் யாரையும் தொடவில்லை. ஆறு, வைத்ததைத் தின்ன வந்ததற்கு அதைச் சுடுவது நியாயம் இல்லை. தண்டனை உண்டென்றால் எங்களுக்குத் தரவும். ஆறாவதில் பேனா அழுந்திக் காகிதம் லேசாகக் கிழிந்தது. வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். இடது காதைப் பற்றித் தன் கையால் இரண்டு வரி எழுதி ஷ்யாமளாவும் போட்டாள். கார்பன் நகலை டாக்டர் வீட்டு விலாசத்துக்குத் தனி உறையில் வைத்தார்.

சூடேறிய காரில் இரண்டு பேரும் தபாலாபீசுக்குப் போனார்கள். நாளைக்கே போய்ச் சேருகிற தபால் என்று கேட்டு வாங்கி, உறையின் மடிப்பை ஒட்டி, ஷ்யாமளா கட்டை விரலால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தாள். கவுன்ட்டர்க்காரர் முத்திரை குத்தி, நேரத்தை எழுதிச் சீட்டைக் கொடுத்துவிட்டு, உறையைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டார்.