மூன்று விரல் அகலம்

முத்தம்மை ஆச்சி கறுப்புக் குப்பைப் பையை நீட்டியபோது, ஹேமா கையுறையை மாட்டிக்கொண்டு சாம்பார் சாத அண்டாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். தைப்பூசம் என்றால் அந்த அண்டா அவளுடையது. அன்னதானப் பந்தலுக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே அதன் பின்னால் போய் நின்றுகொள்வாள். வெயில் ஏறி, கடைசிக் காவடி தண்ணீர்மலை முருகன் கோயில் படியை எட்டும் வரை கரண்டியைக் கீழே வைக்கமாட்டாள். இன்று கரண்டி ஆச்சியின் மருமகள் பிரேமாவின் கையில் இருந்தது. பிரேமா நிமிராமல் அண்டாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ இந்த வருசம் இதப் பாத்துக்க ஆத்தா," என்றார் ஆச்சி. "சாப்பிட்ட தட்டையெல்லாம் அப்படியே ரோட்டுல போட்டுட்டுப் போறாக. பாக்க நல்லாவா இருக்கு?"

ஆச்சி யாரையும் அதட்டுகிறவர் இல்லை. பந்தல் அவர் கணவர் காசிவிஸ்வநாதன் வீட்டார் நடத்துவது; அரிசி, பருப்பு, கொட்டகை, ஒலிபெருக்கி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆச்சி மெதுவாகச் சொன்னாலே போதும், மேசைகள் இடம் மாறிவிடும்.

ஏன் என்று கேட்க நினைத்தாள் ஹேமா. வாய் திறக்கவில்லை. அவளுக்கு எப்போதும் இப்படித்தான். பள்ளியில் படிவம் மூன்று படித்தபோது, மலாய்ப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் தாடை பூட்டிக்கொள்ளும். எழுத்தெல்லாம் தெரியும், அர்த்தமும் தெரியும், குரல் மட்டும் வராது. ஒருநாள் வகுப்பே சிரித்தது. மறுநாள் அவள் போகவில்லை, அதற்குப் பிறகு போகவே இல்லை. அன்று சிரித்தவர்கள் இப்போது வங்கியிலும் வக்கீல் ஆபீசிலும் இருக்கிறார்கள். வருடத்தில் இந்த ஒரு நாள் அவர்களும் வெறுங்காலோடு வரிசையில் வந்து அவள் முன்னால் தட்டை நீட்டுவார்கள். அவள் ஒன்றும் பேச வேண்டியதில்லை. அள்ளிப் போட்டால் போதும். அந்த அண்டாவுக்குப் பின்னால் நிற்கும்போது அவள் படிப்பை விட்ட பிள்ளை இல்லை, சோறு போடுகிறவள்.

வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பந்தல்கார அக்கா ஒருத்திதான் விஷயத்தை உடைத்தாள். "உங்க கடை வீடியோ பாத்தோம்மா. வாய்க்குள்ள கைய விட்டு என்னமோ பண்ணிக்கிட்டிருக்க. எனக்கு அன்னிக்குச் சோறே எறங்கல."

ஒலிபெருக்கிக் கம்பியை இழுத்துக்கொண்டிருந்த குகன் திரும்பிப் பார்த்தான். "பல்லு டாக்டர் கூடத்தான் விடுறாரு."

"அவரு படிச்சவரு. அவரு இங்க சோறு போட வரலையே."

ஹேமா தன் கைகளைப் பார்த்தாள். நீல நிறக் கையுறை. அங்கே எல்லோர் கையிலும் அதே நீலம்தான். ஒவ்வொரு வருடமும் ஹேமாவின் முதலாளி சலேஹா அக்கா தன் கடையிலிருந்து ஒரு பெட்டி கையுறையைக் கொடுத்தனுப்புவாள். இந்த வருடமும் காலையில் ஹேமாதான் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டுதான் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் அந்த அக்கா.

சலேஹாவின் கடை பினாங்கு ஸ்ட்ரீட் பக்கத்தில், துணிக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. புருவம், முகம், மசாஜ் என்று ஆரம்பித்த கடை. வாய்க்குள் மசாஜ் செய்யும் வேலையை ஹேமா பிறகு கோலாலம்பூர் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். ஒரு விரல் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உள்ளே போகும், கட்டைவிரல் வெளியே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் தாடைத் தசை அகப்படும். பல்லைக் கடித்துக் கடித்து வாழ்கிறவர்களுக்கு அது கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிக் கிடக்கும். அதை அழுத்தித் தேய்க்கக் கூடாது. பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்படாமல் இருந்தால் தானாகவே ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுக்கும், கெட்டி மாவு விரலுக்கடியில் இளகுவதைப் போல. பேச்சு தேவைப்படாத வேலை. வந்தவர்களும் பேச முடியாது. ஹேமாவுக்கு அது பிடித்துப்போனது.

பிரேமா அங்கே வந்தது தீபாவளிக்கு முன்பு. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை. தினமும் கடல் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய் வருகிறவள். பந்தலில் பார்த்துப் பழகிய முகம்தான் என்றாலும், கடை வாசலில் துப்பட்டாவால் கன்னத்தை மூடிக்கொண்டு நின்றவளை ஹேமாவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கிப் பல்வரிசைக்கு நடுவில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். நல்ல தாடைக்கு மூன்று விரல் போகும். பிரேமாவுக்கு ஒன்று போனது, இரண்டாவது முட்டி நின்றது.

"ஆப்பிளக் கடிச்சு எவ்வளவு நாளாச்சுன்னே தெரியல. கத்தியால வெட்டித்தான் திங்கிறேன்," என்றாள். "வீட்டுல சொல்லல ஹேமா. சொன்னா அத்தை, வாய்க்குள்ளயான்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது."

அதன்பிறகு வேலை முடிந்து வரும் வழியில் அடிக்கடி வந்தாள். வாய்க்குள் விரல் இருக்கும்போதும் பேசியே தீருவாள். "ஆ... ஹா... அவ... ஆ" என்று வரும். ஹேமா அதற்கு அர்த்தம் கற்பித்து, "ஆமாக்கா, உங்க மேனேஜர் மோசம்தான்" என்பாள். பிரேமா சிரிக்கப் போக, விரல் வழுக்கும். மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். வீட்டைப் பற்றி அவள் அதிகம் சொன்னதில்லை. ஆனால் திங்கட்கிழமை தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை வைத்தே வார இறுதி எப்படிப் போனது என்று ஹேமாவுக்குத் தெரிந்துவிடும்.

விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கலாமா என்று சலேஹா கேட்டதற்கு, "கண்ண மூடிடுங்க, வாய் மட்டும் தெரியட்டும்" என்று சம்மதித்தவளும் பிரேமாதான். கண்மேல் துண்டைப் போட்டு எடுத்தார்கள். ஹேமாவின் முகத்தை யாரும் மறைக்கவில்லை.

ஆக, பந்தலில் எல்லோருக்கும் சோற்றை இறங்கவிடாமல் செய்த அந்த வாய், இப்போது அண்டாவின் பின்னால் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தது. அது யார் வாய் தெரியுமா என்று ஹேமா கேட்டால் போதும். பிரேமா அண்டாவிலிருந்து நிமிர்ந்து ஒரே ஒருமுறை அவளைப் பார்த்தாள். காதுக்குக் கீழே தசை உருண்டு எழும்பியது. அந்த உருண்டையை இளக்கத் தனக்கு எத்தனை சாயங்காலம் பிடித்தது என்பது ஹேமாவுக்குத்தான் தெரியும். சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். ஆனால் பையையும் வாங்கப்போவதில்லை.

"ஆச்சி," என்றாள். குரல் வந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "சாப்பிட்டுப் போட்ட எச்சித் தட்ட நான் அள்ளலாம். சோறு போடக் கூடாதா?"

வெள்ளரிக்காய்க் கத்தி நின்றது. ஆச்சி நீட்டிய பையை மடக்கவில்லை.

"அது வேற, இது வேற ஆத்தா. இது சாமி பேரால போடுற சோறு. அடுத்தவுக வாய்க்குள்ள போன கை."

"காலையில அலகு குத்துனவரும் வாய்க்குள்ள விரல விட்டுத்தான் கன்னத்தப் பிடிச்சாரு. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. அவரு கையாலதான் துன்னூறு வாங்கிப் பூசிக்கிட்டீங்க."

"அது சாமி காரியம்."

"இது மனுசக் காரியம். அவ்வளவுதான் ஆச்சி."

குகன் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டான். ஹேமாவின் அம்மா வள்ளியம்மா அந்த நேரம் பார்த்து வடைத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். விடியும் முன்பே வீட்டில் சுட்ட வடை. பந்தலில் அண்டாவுக்குப் பெயர் இருந்ததோ இல்லையோ, வள்ளியம்மாவின் வடைக்குப் பெயர் இருந்தது. மகளின் முகத்தையும் குப்பைப் பையையும் பார்த்துவிட்டு, "என்னடி?" என்றாள்.

"ஒன்னுமில்லம்மா. அதக் குடு."

தட்டை வாங்கிக்கொண்டு ஹேமா பந்தலின் மறுகோடிக்கு நடந்தாள். அங்கே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி சும்மா கிடந்தது. தட்டை அதன் மேல் வைத்தாள். குழாயடிக்குப் போய், எல்லோரும் பார்க்கட்டும் என்று, கையுறையைக் கழற்றி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். பெட்டியிலிருந்து புதுக் கையுறை எடுத்து மாட்டினாள். பிறகு நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"வடைக்குத் தனிக் கட்சி ஆரம்பிச்சாச்சு," என்றான் குகன். "சின்னம் நாற்காலியா?"

"மூடுறா," என்றாள் வள்ளியம்மா. மகளுக்குப் பக்கத்தில் வரவும் இல்லை, ஆச்சி பக்கம் போகவும் இல்லை. நடுவில் தூணோரமாக உட்கார்ந்து, வெற்றிலைப் பையைத் திறந்துவைத்துக்கொண்டு வெற்றிலை போடாமல் இருந்தாள்.

சாலை நிறைந்து போய்க்கொண்டிருந்தது. உறுமியும் மேளமும், உடைந்த தேங்காய்த் தண்ணீரின் புளித்த வாசனையும், மஞ்சள் வேட்டிகளும் நகர்ந்தன. தேங்காய் உடைத்துவிட்டு வந்த சீனக் கிழவர் ஒருவர் தட்டுக்கு முன்னால் நின்று, "பெடாஸ் கா?" என்று கேட்டார். காரம் கொஞ்சம்தான் என்று ஹேமா மலாயில் சொன்னாள். இரண்டு வாங்கிக்கொண்டு போனார். சுங்கை பாக்காப்பிலிருந்து பேருந்தில் வந்த குடும்பம் ஒன்று ஆளுக்கொன்று வாங்கியது. பந்தல்காரர்கள் மட்டும் யாரும் வரவில்லை. போன வருடம் தட்டு இறங்குவதற்குள் கையை விட்டவர்கள் இன்று தூரத்திலிருந்தே அந்த வாசனையை மோந்துகொண்டு நின்றார்கள்.

"தெரியாதவுக வாங்கத்தான் செய்வாக," என்று ஆச்சி சொன்னது ஹேமாவுக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார். பிறகு மருமகளிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். "பிரேமா, போயி அந்தத் தட்ட வாங்கியாந்துரு. பந்தல்ல ரெண்டு அடுப்பு எரிய வேணாம்."

பிரேமா பந்தலின் இந்தக் கோடிக்கு நடந்து வந்தாள். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காததுபோல. வந்து நின்று தட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்தாள். ஹேமாவும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"கேட்டுச்சுக்கா."

"குடுத்துடு ஹேமா. பேச்சு வளரும்."

"வளரட்டும். வடை வேணும்னா எடுத்துக்குங்க. தட்ட விடமாட்டேன்."

"நீ..." பிரேமாவின் குரல் இறங்கியது. "அது நான்தான்னு ஏன் நீ சொல்லல?"

"அத நான் சொல்லக் கூடாதுக்கா."

பிரேமாவின் கன்னத்தில் அந்த உருண்டை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஹேமாவின் விரல்களுக்கு அதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்போல் இருந்தது. கை இரண்டும் தட்டில் இருந்ததால், கடையில் ஒவ்வொரு முறையும் கடைசியாகச் சொல்லி அனுப்புவதை இப்போதும் மெதுவாகச் சொன்னாள். "உதடு சேந்திருக்கட்டும்க்கா. பல்லு சேர வேணாம்."

சொன்ன பிறகுதான் கவனித்தாள், தன் பற்களும் ஒன்றையொன்று தொடவில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் தாடை இப்படி இளகி இருந்ததே இல்லை.

பிரேமா தட்டிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு இன்னொன்றையும். குவியலில் விரலை ஓட்டி, ஓரம் நன்றாக முறுகின பெரிய வடை ஒன்றை எடுத்தாள். ஹேமாவுக்கு முதுகைக் காட்டாமல், சாலைப் பக்கமும் திரும்பாமல், அண்டா இருந்த திசையைப் பார்த்து நின்றாள். அங்கே ஆச்சியின் கரண்டி பாதி வழியில் நின்றிருந்தது. அதன் விளிம்பிலிருந்து சாம்பார் யாரோ நீட்டியிருந்த தட்டுக்கு வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் வேல் தரித்த ஒருவர் உறுமிச் சத்தத்தோடு பந்தலைக் கடந்து போனார்.

பிரேமா வடையைப் பிய்க்கவில்லை. முழுதாக உயர்த்தி வாயைத் திறந்தாள். ஹேமா பழக்க தோஷத்தில் அளந்தாள்: மூன்று விரல், நெட்டுக்குத்தாக, தாராளமாகப் போகும்.